இரண்டு ஆரஞ்சு ஜூஸ்

1

அங்கே கல்யாண நாளுக்கு என்ன செய்வீர்கள் என்று ஊரிலிருந்து கேட்பவர்கள் உண்டு. என்னவோ கப்பலில் ஏறிக் கேக் வெட்டுகிறோம் என்று நினைப்பு. உள்ளதைச் சொல்கிறேன். எங்கள் இங்கிலாந்து ஊரில் கால்வாய்க்கரையில் ஒரு ஓட்டல் இருக்கிறது. தை மாதம் வந்தால் அங்கே போவோம். ஆளுக்கொரு தட்டு மீனும் உருளைக்கிழங்கும் சாப்பிடுவோம், ஆளுக்கொரு ஆரஞ்சு ஜூஸ் குடிப்போம். வீட்டுக்கு வந்து நான் புளியேப்பம் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பதினெட்டு வருடமாக இதே கதைதான்.

நான் ரோசி. கொழிஞ்சாம்பாறைக்காரி. என் வீட்டுக்காரர் அந்தோணி, காந்தலூர்ப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில் தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவர். நான் பேசும் தமிழுக்கு ‘ங்க’ இல்லாமல் வாக்கியம் முடியாது. அவர் பேச்சில் அது மருந்துக்கும் கிடையாது. பெண் பார்க்க வந்த அன்று அவர் பேசியதைக் கேட்டு, மாப்பிள்ளை கோபமாக இருக்கிறார் என்று என் அம்மா பயந்துவிட்டாள். எங்கள் ஒரே மகள் ஜென்சி. மூன்று வயதில் வந்தவள், இப்போது இருபத்தொன்று. ரயிலில் இரண்டு மணி நேரத் தொலைவில் ஒரு பெரிய ஊரில் வேலை. மாதம் ஒரு முறை வருவாள். மற்ற நாளில் போனில் ‘ஓகே, மம்’ என்ற இரண்டு வார்த்தையில் வந்து போவாள்.

அந்தோணிக்குப் பேச்சு போய் இந்தத் தையோடு எட்டு மாதம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2

கடைக்குப் போனால் என்ன குடிப்பது என்று முடிவு செய்வது யார்? இது ஒரு கேள்வியா என்று ஊரில் சிரிப்பார்கள். கூட்டிக்கொண்டு போனவர்தான். கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் தக்காளியைத் தள்ளிவிட்டு அப்பா எங்களைப் பொள்ளாச்சி பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே டீக்கடைக்குக் கூட்டிப் போவார். பெஞ்சில் உட்காருவதற்கு முன்பே, “அஞ்சு டீ போடுங்க” என்று சொல்லிவிடுவார். அதோடு சரி. ஒரு தரம் நான், “எனக்குப் பால்” என்றேன். அம்மா தொடையில் கிள்ளியது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

“கூட்டீட்டு வந்தவரு சொல்லுவாரு. நீ உன்ற நாக்க அடக்கீட்டு இரு.”

தனக்கென்று ஒன்று கேட்பது நாக்கு நீளம். செலவு செய்கிறவருக்கு மரியாதைக் குறைவு. இதெல்லாம் யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்ததில்லை, கிள்ளு வாங்கி வாங்கித் தெரிந்துகொண்டதுதான். கல்யாணமாகிப் போன எஸ்டேட்டிலும் இதே வழக்கம்தான். அங்கே கடைக்காரர் என்னிடம் எதையும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லையே என்று நினைத்ததில்லை.

இங்கே வந்த முதல் வருடம், கல்யாண நாளுக்குக் கால்வாய்க்கரை ஓட்டலில் உட்கார்ந்தோம். பானங்களுக்கென்று தனியாக ஒரு நீள அட்டை. பாதிப் பெயர் புரியவில்லை. அந்தோணியின் அப்பா குடித்தே அழிந்தவர். அதனால் இவர் ஒரு சொட்டுக்கூடத் தொடமாட்டார். எந்தப் பெயருக்குள் சாராயம் இருக்கிறது, எதில் இல்லை என்று கேட்கவும் இங்கிலீஷ் போதாது. விரலால் தடவிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார்.

“இது பழச்சாறு, ரோசி. இதுல ஒரு வம்புமில்ல. டீ சொல்லலாம்னா, இவனுக கொழுந்தப் பையில அடைச்சு நூலுல கட்டித் தூக்குலல்லா போடுதானுக. அதக் குடிக்கதுக்கா நம்ம அம்மா தோட்டத்துல அட்டைக்கடி பட்டா?”

பிறகு பரிமாற வந்த பையனிடம், “கிவ் மீ த்ரீ ஆரஞ்சு ஜூஸ்” என்றார். பையனின் முகம் இறுகிப்போனது. ஜூஸ் வந்தது, தட்டு வந்தது, ஆனால் அந்தப் பையன் திரும்ப எங்கள் மேசைப் பக்கம் சிரித்த முகமாக வரவில்லை.

அவர் தப்பாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. எங்கள் ஊரில் ‘குடுங்க’ என்றால் அந்த ஒரு சொல்லிலேயே மரியாதை எல்லாம் ஏறிவிடும். இங்கே சொல்லில் அது ஏறாது. ‘முடியுமா’ என்று முன்னால் ஒன்று, ‘ப்ளீஸ்’ என்று பின்னால் ஒன்று, இரண்டுக்கும் நடுவில் வேண்டிய பொருளை ஒளித்து வைத்துக் கேட்க வேண்டும். வாங்கப் போகிறவன்தான் கெஞ்ச வேண்டும். அந்தோணி தான் வேலை பார்க்கும் கிடங்கில் கூட இருக்கும் ஒருவரிடம் கேட்டு, அட்டைப்பெட்டியில் ஒரு துண்டு கிழித்து, தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டு வந்தார். ‘குட் வீ ஹேவ் த்ரீ ஆரஞ்சு ஜூஸஸ், ப்ளீஸ்.’

அந்த அட்டைத் துண்டு அவருடைய பர்ஸில் மாதா படத்துக்குப் பின்னால் இருந்தது. எந்த ஓட்டலுக்குப் போனாலும் வாசலில் நின்று ஒரு தரம் எடுத்துப் பார்த்துக்கொள்வார். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் வெள்ளைக்காரனே மெச்சும்படி சொல்வார். அதற்கப்புறம் யாராவது இன்னொரு கேள்வி கேட்டுவிட்டால் போச்சு.

எனக்கோ ஆரஞ்சு ஜூஸ் வயிற்றுக்கு ஆகாது. நெஞ்சு எரியும். சொல்லலாமா? கூட்டிக்கொண்டு வந்தவர் ஆசையாக வாங்கித் தருகிறார். கிளம்புவதற்கு முன்னால் ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு போய்க் குடித்துவிட்டு வருவேன்.

3

ஜென்சிக்குப் பத்து வயதான வருடம், அவர் தன் வாக்கியத்தைச் சொல்லி முடித்ததும் இவள் வாயைத் திறந்தாள். தனக்கு ஜூஸ் வேண்டாம், லெமனேட் கிடைக்குமா என்று பரிமாறும் பெண்ணிடம் நேராகக் கேட்டாள். ‘கேன் ஐ கெட்’ என்றாள். அந்த இங்கிலீஷ் எங்களுக்குத் தெரிந்த இங்கிலீஷே இல்லை. தண்ணீர் போல ஓடியது. அந்தப் பெண்ணும் இவளைப் பார்த்துச் சிரித்து, “குட் சாய்ஸ்” என்றாள்.

என் கை தானாக மேசைக்கடியில் போனது. கிள்ளிவிட்டேன்.

“ஆவ். வாட்?” என்றாள் ஜென்சி, எல்லோருக்கும் கேட்கும்படி. “எனக்கு ஆரஞ்சு ஜூஸ் பிடிக்காது. பிடிக்காததை ஏன் குடிக்கணும்?”

அந்தோணி வீட்டுக்கு வந்து பர்ஸைத் திறந்து, அட்டையில் ‘த்ரீ’ என்பதை அடித்துவிட்டு மேலே ‘டூ’ என்று எழுதினார். எழுதும்போது நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு வலித்தது. எனக்கும்தான்.

அதிலிருந்து அவள் எதற்கும் எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. நல்லதுதான் என்று ஊருக்குச் சொல்வேன். பிள்ளை பிழைத்துக்கொள்வாள். உள்ளுக்குள், அன்றைக்கு மூன்று இரண்டான கணக்கு அப்படியே நின்றுவிட்டது.

4

போன மே மாதம் காலையில் சவரம் செய்துகொண்டிருந்தவர் கண்ணாடி முன்னாலேயே சரிந்தார். மூளையில் இரத்தக் கட்டு. வலது கையும் காலும் தளர்ந்தன. கால் கொஞ்சம் திரும்பியது, கோல் ஊன்றி நடக்கிறார். பேச்சு திரும்பவில்லை. நாம் சொல்வது எல்லாம் புரிகிறது. சொல்ல வருவது தொண்டைவரை வந்து நின்றுவிடுகிறது. ‘ம்ம்’ என்பார். ‘அது அது’ என்பார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

உதவித்தொகை அலுவலகத்துக்கு ஒரு படிவம் போட்டோம். நாற்பது பக்கம். போட்டு ஆறு வாரம் கழித்துப் போன் வந்தது. எடுத்தது நான். மிஸ்டர் அந்தோணியிடம்தான் பேச வேண்டும் என்றாள் ஒரு பெண். அவருக்குப் பேச வராது, அதற்குத்தானே படிவமே போட்டோம் என்றேன். புரிகிறது, ஆனால் தன் சார்பாக மனைவி பேசலாம் என்று அவர் வாயால் சொல்ல வேண்டும், அது விதி என்றாள். அவரால் பேச முடியாது என்பதை அவரே பேசிச் சொல்ல வேண்டுமாம். போனை அவர் காதில் வைத்தேன். அவர் மூச்சு மட்டும் போனது. அந்தப் பெண் பொறுமையாக மூன்று முறை ஹலோ சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

நான் அழவில்லை. அழுவதற்கும் தெம்பு வேண்டும். மறுநாள் விடுப்பு போட்டு அவரையும் கூட்டிக்கொண்டு நேரில் போய், வரிசையில் நின்று, அவர் இடது கையால் கிறுக்கிய கையெழுத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

5

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஹெலன் என்றொரு பெண் வீட்டுக்கு வந்தாள். பன்னிரண்டு வாரம் மட்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். நல்லவள். தமிழில் பேசினால் ஏதாவது வருகிறதா என்று என்னையும் முயற்சி செய்யச் சொன்னாள். அப்போதுதான் ஒன்று கண்டுபிடித்தோம். சாயங்காலம் ஆளுக்குப் பாதியாகச் செபமாலை சொல்லும்போது என் பாதி முடிந்ததும் அவர் பாதி கடகடவென்று வந்தது. ஒரு எழுத்துப் பிசகவில்லை. ஹெலன் அடுத்த முறை வந்ததும் வாசலிலேயே சொல்லிவிட்டேன்.

அவள் தலையாட்டினாள். ஆயிரம் தடவை சொல்லிச் சொல்லிப் பழகியது மூளையில் வேறொரு அலமாரியில் இருக்கும், அது சில நேரம் தானாக வரும், அதைப் பேச்சு என்று அறிக்கையில் எழுத முடியாது என்றாள். எழுதவில்லை.

இன்னொரு நாள் படம் போட்ட அட்டைகளை மேசையில் பரப்பினாள். டீ, காப்பி, பால், தண்ணீர், ஆரஞ்சு ஜூஸ். வேண்டியதைக் காட்டச் சொன்னாள். அந்தோணி இடது கையை நீட்டி முதலில் ஆரஞ்சு ஜூஸ் அட்டையைத்தான் எடுத்தார். எடுத்துக் குப்புறக் கவிழ்த்து ஓரமாகத் தள்ளினார். பிறகு டீ அட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

ஜூஸ் பிடிக்காது போலிருக்கிறது என்றாள் ஹெலன்.

“இல்லை, இல்லை, அவருக்கு ரொம்பப் பிடிக்கும், எப்போதும் அதைத்தான் சொல்வார்” என்று நான் இங்கிலீஷில் அடித்துச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்துத் தலையை இடமும் வலமும் ஆட்டினார்.

“ஏனுங்க, புடிக்காதுங்களா?”

பிடிக்காது என்று தலையசைத்தார்.

“எப்பவுமேங்களா? மொத வருசத்துலிருந்தேங்களா?”

ஆமாம்.

எனக்காக வாங்கியிருக்கிறார். எனக்குப் பிடிக்கும் என்று நினைத்து அவரும், அவருக்குப் பிடிக்கும் என்று நினைத்து நானும், பதினேழு வருடம் எதிரெதிரே உட்கார்ந்து முகம் சுளிக்காமல் குடித்திருக்கிறோம். பத்து வயதுப் பிள்ளை ஒரே வாக்கியத்தில் உடைத்ததை எங்களுக்கு உடைக்கத் தெரியவில்லை.

“எனக்கும் அது ஆகாதுங்க” என்றேன். “மாத்தரை போட்டுட்டுத்தான் வருவேனுங்க.”

அவர் சிரித்தார். சிரிப்பு மட்டும் பழையபடி முழுதாக இருக்கிறது. சிரித்துக்கொண்டே இருந்தவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஹெலன் நாகரிகமாகத் தன் பையைச் சரிசெய்தாள்.

கிறிஸ்மஸுக்கு முன்னால் பன்னிரண்டு வாரம் முடிந்தது. ‘முன்னேற்றம் குறைவு’ என்று எழுதிக் கோப்பை மூடினார்கள். அதற்குப் பிறகு அவரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. கோயிலில் என்னிடம் கேட்கிறார்கள், மருந்துக்கடையில் என்னிடம் கேட்கிறார்கள். ஜென்சி போனில், “அப்பா எப்படி?” என்று என்னிடம் கேட்கிறாள், அவர் பக்கத்தில் இருக்கும்போதே. வேலையிலிருந்து அலுத்து வந்த நாளில் நானே கேட்காமல் டீயை வைத்துவிட்டுப் போயிருக்கிறேன். கேட்டால் அவர் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். அதற்கு நேரமில்லை. மெல்ல மெல்ல அவர் ‘ம்ம்’ சொல்வதையும் குறைத்துக்கொண்டார். எனக்குப் பயம் வந்தது. கேட்க ஆளில்லாத வாய் அப்படியே அடைத்துப்போகும் என்று.

6

முதியோர் இல்லத்தில் என் வேலையே கேட்பதுதான். காலையிலிருந்து மாலைவரை ஒவ்வொரு அறையாகப் போய், குடிக்க என்ன கொண்டுவரட்டும் என்று கேட்பேன். கேட்கிற இங்கிலீஷ் எனக்கு நன்றாக வரும். யாராவது என்னைக் கேட்டால்தான் வாய் ஒட்டிக்கொள்ளும்.

சேர்ந்த புதிதில் வால்டர் என்று ஒரு பெரியவரிடம் டீ வேண்டுமா என்றேன். நீ போடுவதாக இருந்தால் எனக்கும் என்றார். நான் எனக்குப் போடவில்லையே. இல்லை, போடவில்லை என்று உண்மையைச் சொல்லிவிட்டுப் போய்விட்டேன். மூன்று நாள் அந்த மனிதர் காலை டீ இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார். கூட வேலை செய்யும் பெண் சொல்லித்தான் புரிந்தது, அப்படிச் சொன்னால் கட்டாயம் வேண்டும் என்று அர்த்தமாம். வெள்ளைக்காரனும் நம்மைப் போலத்தான். நாக்கு நீளம் என்று பெயர் வந்துவிடக் கூடாது அவனுக்கும்.

இல்லத்தில் எங்களுக்கு ஒரு பாடம் சொல்லித் தந்திருக்கிறார்கள். முதியவரைக் கேட்க வேண்டியதைக் கூட நிற்பவரிடம் கேட்காதே. அவரையே கேள். கேட்டபின் மனதுக்குள் பத்து எண்ணு. சம்பளம் வாங்கிக்கொண்டு ஊரார் வீட்டுப் பெரியவர்களுக்குச் செய்வதை என் வீட்டில் செய்யவில்லையே என்று உறைத்தது.

இந்தக் கல்யாண நாளுக்கு அவரை நாலு பேர் முன்னால் ஒரு ஆள் கேட்க வேண்டும் என்று முடிவு செய்தேன். அவர் டீ அட்டையைக் காட்டட்டும், அது போதும். சாப்பாட்டு நேரத்தில் டீ கேட்டால் என்ன நினைப்பார்களோ என்ற பயத்தையும் விட்டாயிற்று. காட்டாவிட்டால் நானே கேட்டுவிடலாம் என்று பஸ்ஸில் போகும்போதெல்லாம் ஒரு வாக்கியத்தை உருப்போட்டேன். ‘குட் வீ ஹேவ் எ பாட் ஆஃப் டீ ஃபார் டூ, ப்ளீஸ்.’ வால்டரிடம் சொல்லிக் காட்டினேன். சரியாக இருக்கிறது, ஆனால் மன்னிப்புக் கேட்பது போல முகத்தை வைத்துக்கொள்ளாதே என்றார்.

7

ஜென்சி ரயிலில் நேராக ஓட்டலுக்கே வந்துவிட்டாள். அப்பாவைக் கட்டிக்கொண்டாள். வழக்கமான ஜன்னலோர மேசை. உட்கார்ந்ததும், “நானே எல்லாம் ஆர்டர் பண்றேன் மம், நீங்க டென்ஷன் ஆகாதீங்க” என்றாள்.

“வேண்டாங் கண்ணு. நான் பாத்துக்கறேன்.”

அவள் புருவத்தைத் தூக்கினாள். நான் படம் போட்ட அட்டைகளை அந்தோணியின் இடது கைப் பக்கம் வைத்தேன். டீ மேலே இருக்கும்படி.

பரிமாறும் பெண் வந்தாள். புதியவள், சின்ன வயது. முதலில் ஜென்சியைக் கேட்டாள். அவள் லெமனேட் என்றாள். அடுத்து அந்தோணியின் கோலைப் பார்த்தாள், மடியில் கிடந்த வலது கையைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, இவருக்கு என்ன வேண்டும் என்று மெல்லிய குரலில் கேட்டாள்.

“ப்ளீஸ் ஆஸ்க் ஹிம்” என்றேன். உருப்போடாத வாக்கியம். அது எப்படி வந்தது என்று தெரியவில்லை.

அந்தப் பெண் சிவந்துபோனாள். ஆனால் குனிந்து, அவர் கண்ணுக்கு நேராக முகத்தை வைத்து, குடிக்க என்ன கொண்டுவரட்டும் சார் என்று கேட்டாள்.

நான் எண்ணத் தொடங்கினேன். ஒன்று, இரண்டு. அவர் அட்டையைத் தொடவில்லை. ஐந்து. உதடு அசைந்தது. ஆறு. ஜென்சியின் கை அட்டைப் பக்கம் நகர்ந்தது. மேசைக்கடியில் அவள் தொடையை அழுத்திப் பிடித்தேன். கிள்ளவில்லை, பிடித்துக்கொண்டேன். எட்டு. பரிமாறும் பெண் பாவம், என்னைப் பார்க்காமல் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்தோணி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“குட் வீ ஹேவ் டூ ஆரஞ்சு ஜூஸஸ், ப்ளீஸ்.”

ஒரு எழுத்துப் பிசகவில்லை. கடைசி ‘ப்ளீஸ்’கூடத் தேய்ந்து போகவில்லை.

அந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும், ஆகட்டும் சார் என்று எழுதிக்கொண்டு நகர்ந்தாள். ஜென்சி வாயைக் கையால் மூடிக்கொண்டாள். அவருக்குமே ஆச்சரியம். தன் வாயிலிருந்து வந்ததா என்பது போல எங்களை மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்ன சொல்லித் தொலைத்தோம் என்று புரிந்து, அசடு வழிய, டீ அட்டையை எடுத்து என்னிடம் ஆட்டிக் காட்டினார்.

ஹெலன் இருந்திருந்தால், இது அலமாரியிலிருந்து தானாக வந்தது, பேச்சில்லை என்று சொல்லியிருப்பாள். சொல்லட்டும். கேட்டார்கள், அவர் பதில் சொன்னார். கூட்டிக்கொண்டு வந்தவர் தனக்கு மட்டும் கேட்கவில்லை, எனக்கும் சேர்த்துக் கேட்டார். எட்டு மாதத்தில் முதல் தடவையாக அவர் சொன்னதை ஒருத்தி எழுதிக்கொண்டு போயிருக்கிறாள். அதை நான் போய் அடித்து மாற்றுவேனா?

“மம், மாத்தச் சொல்லவா? நீங்க ரெண்டு பேருமே குடிக்க மாட்டீங்கல்ல? அன்னிக்குப் போன்ல சொன்னீங்களே.”

“இருக்கட்டுஞ் சாமி. அப்பா சொல்லிப்போட்டாரு. அதையே குடிக்கறேன்.”

மாத்திரை போட்டுக்கொண்டு வரவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

ஜென்சி அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை உயர்த்தி அந்தப் பெண்ணைக் கூப்பிட்டாள். தண்ணீர் போல ஓடும் அந்த இங்கிலீஷில், தன் லெமனேடை எடுத்துவிடச் சொன்னாள். ஜூஸை மூன்றாக்கிவிடச் சொன்னாள்.

மூன்று கிளாஸும் ஒரே தட்டில் வந்தன. அவள் தன்னுடையதை எடுத்து, ஒரே மூச்சில் பாதி குடித்து, முகத்தைச் சுளித்தாள்.